நீர்க்கரை வீடு: நாட்குறிப்பிலிருந்து

மார்ச் 4
மனையில் முளை அடித்தாயிற்று. தண்ணீர் மேற்கே. அதுதான் வரம், அதுதான் வினை.

மார்ச் 7
தரைமட்டம் 2.4 மீட்டர் உயர்ந்தே ஆகவேண்டும் என்று பொறியாளர் சொல்லிவிட்டார். புயலில் ஏறிவரும் நீர் தூண்களுக்கு நடுவே புகுந்து போய்விட வேண்டும், கீழே சுவர் எழுப்பி மறித்தால் வீடும் சுவரோடு போகும் என்கிறார். மறுக்க முடியவில்லை. ஆனால் 2.4 மீட்டர் என்றால் 15 சென்டிமீட்டர் வீதம் பதினாறு படி. அப்பா மூன்று படிக்கே நின்று மூச்சு வாங்குகிறார்.

மார்ச் 8
பதினாறு படி.

மார்ச் 12
நாள் முழுக்கக் கூரை. இந்த 27 டிகிரி அட்சரேகையில் ஜூன் மாத நண்பகல் வெயில் ஏறக்குறைய உச்சந்தலையில் இறங்குகிறது. தெற்குச் சுவருக்குச் சிறு நீட்டமே நிழல் தந்துவிடும். மேற்கு அப்படியில்லை. சாயங்கால வெயில் தாழ்ந்து வந்து எந்தக் கூரைக்கும் அடியில் நுழைந்துவிடும், போதாக்குறைக்குத் தண்ணீரும் அதை வீட்டுக்குள் திருப்பி எறியும். கூரையை இன்னும் நீட்டலாம் என்றால் புயற்காற்று அடியில் பிடித்துத் தூக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. கடைசியில் நாலாபக்கமும் சரியும் கூரை, அளவான நீட்டம், மேற்கே திருப்பிக்கொள்ளக்கூடிய நிமிர்ந்த மரச்சட்டங்கள் என்று வரைந்தேன். தாழ்வாரத்துக்குத் தனிக்கூரை. பிய்த்துக்கொண்டு போனால் அது மட்டும் போகட்டும்.

மார்ச் 15
அப்பாவின் ஸ்கேன் முடிவு இன்னும் வரவில்லை.

மார்ச் 16
படகுத்துறையில் ஒரு பழைய போல்ட்டைக் கட்டைவிரலால் தேய்த்தேன். காய்ந்த வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காக உரிந்து வந்தது, நடுவில் பென்சில் கனத்துக்குத்தான் இரும்பு மிச்சம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கும் இதே கதிதான்: உப்பு உள்ளே இறங்கும், துரு பருக்கும், கான்கிரீட் வெடிக்கும். போல்ட்டுகள் எல்லாம் மாலிப்டினம் கலந்த 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். அதற்கும் கறை பிடிக்கும், அதுவும் மழை கழுவாத இறவாணத்தின் அடியில். அங்கே குழாய்த் தண்ணீர் எட்ட வேண்டும். குறித்துக்கொண்டேன்.

மார்ச் 20
பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாகும் நாள். சூரியன் நேர் மேற்கில் இறங்குவதைப் பார்க்க ஐந்து மணியிலிருந்து முளையருகே நின்றேன். தண்ணீரில் பட்ட ஒளி, காவல் கொட்டகையின் தகரத்துக்கு அடியில் ஓடி ஓடி நெளிந்தது. அப்பாவின் அறைக்கு வெள்ளை உட்கூரை போட்டு, கீழ்ச்சட்டங்களை மட்டும் விரியத் திறக்கும்படி செய்தால் படுத்தபடியே தண்ணீரைப் பார்ப்பார். இதை ஏன் இதுவரை யோசிக்கவில்லை!

மார்ச் 21
படிகளுக்குப் பதில் சாய்தளம். ஒரு மீட்டர் ஏறப் பன்னிரண்டு மீட்டர் நீளம் என்ற சரிவு: 28.8 மீட்டர். நடுவில் இளைப்பாற மூன்று சமதளங்கள், ஒவ்வொன்றும் 1.5 மீட்டர். மொத்தம் 33.3. வீட்டைச் சுற்றித்தான் போகும். போகட்டும். மூன்றிலும் உட்கார இடம், மூன்றிலிருந்தும் தண்ணீர் தெரிய வேண்டும்.

மார்ச் 23
லிஃப்ட் வைத்துவிடு என்கிறான் தம்பி. புயலன்று மின்சாரம் இருக்குமா? கத்திவிட்டேன். கத்தியிருக்க வேண்டாம்.

மார்ச் 24
முடிவு நாளை என்கிறார்கள். நேற்றும் அதையேதான் சொன்னார்கள்.

கைப்பிடி எந்த உயரத்தில் இருக்கவேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன். எழுந்து நின்று சுவரில் உள்ளங்கையைப் பதித்தார். பென்சிலால் கோடு போட்டு அளந்தேன். 86 சென்டிமீட்டர்.