எந்தப் பக்கத்து நாலு மணி?

அரிசோனாவின் யூமாவில் மூன்று குளிர்காலம் லாரி டிஸ்பேட்ச் வேலை பார்த்தேன். நவம்பர் முதல் மார்ச் வரை அமெரிக்கா தின்கிற லெட்டூஸில் பெரும்பங்கு அந்த ஊர் வயல்களிலிருந்துதான் போகிறது. எந்த லாரி எத்தனை மணிக்கு எந்தக் குளிர்கிடங்கில் நிற்க வேண்டும் என்று அட்டவணை போடுவது என் பொறுப்பு.

சேர்ந்த இரண்டாம் வாரமே சொதப்பினேன். கொலராடோ ஆற்றுக்கு இந்தப் பக்கம் அரிசோனா, அந்தப் பக்கம் கலிஃபோர்னியா. குளிர்காலத்தில் எங்கள் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். கலிஃபோர்னியாப் பக்கத்து எல் சென்ட்ரோவிலிருந்து வரும் டிரைவருக்கு வெறுமனே ‘காலை நாலு’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். அவர் தன் கடிகாரப்படி நாலுக்கு டாண் என்று வந்து நின்றார். எங்களுக்கு அப்போது ஐந்து. அவர் இடத்தில் வேறு லாரி லோடு ஏற்றிக்கொண்டிருந்தது.

வாங்க வேண்டிய திட்டை வாங்கிக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரம் போனேன். பழைய ராணுவக் கிடங்கு ஒன்று அங்கே இப்போது பூங்காவாக இருக்கிறது. இரண்டு பாறைக் குன்றுகள் நெருக்குவதால் ஆறு அந்த இடத்தில் ஒடுங்குகிறது. ஊர் அங்கே முளைத்ததற்கு அதுதான் காரணம். ஆற்றைக் கடக்கும் அந்தத் துறை தலைமுறை தலைமுறையாகக் குவெச்சான் என்னும் பூர்வகுடி மக்களுடையது. தங்கம் தேடி ஆயிரக்கணக்கானவர்கள் கலிஃபோர்னியாவுக்குப் போகத் தொடங்கியதும் அது அவர்கள் கையைவிட்டுப் போனது. 1850இலிருந்து ஜேகர் என்பவரின் ஓடம் ஓடியது.

1858 செப்டம்பரில் ஜான் பட்டர்ஃபீல்டின் தபால் வண்டிகள் இந்த வழியே வரத் தொடங்கின. மிசூரியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஏறத்தாழ 2,800 மைல். வாரம் இருமுறை, 25 நாளுக்குள் தபால் போய்ச் சேர வேண்டும். அரசு தரும் தொகை ஆண்டுக்கு 6,00,000 டாலர். அட்டவணை போட்டுப் பிழைக்கிறவனுக்கு இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது.

எப்படிச் செய்தார்கள்? சுமார் 20 மைலுக்கு ஒரு நிலையம். வண்டி நெருங்கும்போது நடத்துநர் தூரத்திலிருந்தே கொம்பு ஊதுவார். புதுக் கோவேறு கழுதைகள் தயாராக நிற்கும். கழுதை மாறும், ஓட்டுநர் மாறுவார், தபால் பை மட்டும் போய்க்கொண்டே இருக்கும். இராத் தங்கலெல்லாம் கிடையாது. 200 டாலர் கொடுத்து ஏறிய பயணியும் உட்கார்ந்தபடியே தூங்க வேண்டியதுதான். என்னைக் கேட்டால், அவரும் தபாலோடு ஏற்றிய ஒரு மூட்டை. முதல் மேற்குப் பயணத்தில் கடைசிவரை வந்த பயணி ஒரே ஒருவர்: நியூயார்க் ஹெரால்டு நிருபர் ஆர்ம்ஸ்பி, வயது 23. அக்டோபர் 10 காலை போய்ச் சேர்ந்தபோது 24 நாள்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. ஒரு நாள் மிச்சம்! என் அட்டவணையில் பத்து நிமிடம்கூட மிச்சம் விட்டதில்லை நான்.

யூமாவுக்கு மேற்கே மணல் மேடுகள். வண்டிகள் அதில் இறங்கவில்லை. தெற்கே சுற்றி, மெக்சிகோ மண்ணில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பின. எங்கள் மென்பொருளிடம் விட்டிருந்தால் நேர்கோடு போட்டிருக்கும்.

1861இல் உள்நாட்டுப் போர் வந்ததும் தபாலை வடக்கே வேறு பாதைக்கு மாற்றிவிட்டார்கள். 1877இல் ரயில் பாலம் வந்தது, ஓடத்துக்கும் வேலை போயிற்று. ரயில்காரர்கள்தான் 1883இல் நாட்டை நேர மண்டலங்களாகப் பிரித்தவர்கள். அதுவரை ஊருக்கு ஊர் சூரியன் சொன்னதுதான் மணி. பட்டர்ஃபீல்டின் அட்டவணையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை மணி நேரம் என்று தனிப் பத்தியே இருந்தது. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து யூமா கோட்டைக்கு 282 மைல், 72 மணி 20 நிமிடம்.

திங்கட்கிழமை நானும் அப்படி ஒரு பத்தி சேர்த்தேன். பக்கத்தில் ‘அரிசோனா நேரம்’ என்று சிவப்பில் போட்டேன். அப்புறமும் அந்த எல் சென்ட்ரோ டிரைவர் ஒவ்வொரு லோடுக்கும் முதல்நாள் மாலை போன் செய்வார்.

“இந்த நாலு, எந்தப் பக்கத்து நாலு?”