கண்டாங்கித் தறி எத்தனை? ஓர் எண்ணுக்காக நாடாளுமன்றப் பதில்வரை போய் வந்தது

நாடாளுமன்றத்தில் எங்கள் கேள்விக்கு வந்த பதில் இரண்டே பக்கம். முதல் பக்கத்தில் (அ) முதல் (இ) வரை மூன்று உட்கேள்விக்கும் சேர்த்து ஒரே பத்தி. இரண்டாம் பக்கம் இணைப்பு: இடது பக்கம் மாநிலங்களின் பெயர், வலது பக்கம் எண். தமிழ்நாட்டுக்கு ஒரு வரி. காரைக்குடியைத் தேடினால் சிவகங்கை மாவட்டமே அதில் கிடையாது. ஒரு கூட்டத்தொடர் முழுக்கக் காத்திருந்து கையில் வாங்கிய தாள் அது. அமைச்சகத்தைக் குறை சொல்லவும் வழியில்லை. "மாநில வாரியாக விவரம் தருக" என்று கேள்வியில் எழுதிக் கொடுத்ததே நாங்கள்தான்.

தேவைப்பட்டது ஒரே ஓர் எண். காரைக்குடி வட்டாரத்தில் கண்டாங்கிச் சேலை நெய்பவர்களுக்குப் பொதுச் சாயச்சாலை கேட்டு மனு எழுதும்போது, எத்தனை குடும்பம், எத்தனை தறி என்று முதல் வரியிலேயே சொல்ல வேண்டியிருந்தது. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அதை நெய்கிறவர்களின் கணக்கு மட்டும் ஊரில் ஆளுக்கு ஒன்றாக இருந்தது. அரசு அவையில் வைத்த எண்ணைக் காட்டினால் யாரும் மறுக்க முடியாது என்றுதான் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகம் வழியாகக் கேள்வி அனுப்பினோம்.

அனுப்பியதில் சிக்கல் இல்லை. மக்களவைக்குக் குறைந்தது 15 முழு நாள் முன்னால் அறிவிப்பு போய்ச் சேர வேண்டும். ஒவ்வோர் அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள்தான். அந்த நாள் எதுவென்று கூட்டத்தொடர் தொடங்கும் முன்பே அட்டவணை வந்துவிடும், அதைப் பார்த்துப் பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள். நட்சத்திரக் குறியிட்ட கேள்வி ஒரு நாளைக்கு 20 மட்டும். அமைச்சர் வாயால் பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம். புள்ளிவிவரம் வேண்டும் என்றால் அந்த ஆசையே வேண்டாம். நட்சத்திரக் குறியிடாத கேள்வி நாளொன்றுக்கு 230 வரை எடுத்துக்கொள்கிறார்கள். பதில் எழுத்தில், இணைப்போடு வரும். எண் தேடுகிறவர்களுக்கு அதுதான் வழி. அதிலும் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். எங்களுக்கு முதல் முறை விழவில்லை, இரண்டாம் முறை விழுந்தது.

சறுக்கியது கேள்வியின் வாசகத்தில். 150 சொல்லுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அந்தப் பயத்தில் சுருக்கிச் சுருக்கி, வழக்கமான அச்சில் வார்த்துவிட்டோம்: (அ) கைத்தறி நெசவாளர் எண்ணிக்கை குறைந்து வருவது உண்மையா, (ஆ) அப்படியானால் அதன் விவரம் என்ன, மாநில வாரியாக, (இ) அரசு எடுத்த நடவடிக்கை என்ன. இப்படி எழுதுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். (அ)-வுக்கு "இல்லை" என்று ஒரு சொல் வந்துவிட்டால், "அப்படியானால்" என்று தொடங்கும் (ஆ)-வும் அதைத் தொடரும் (இ)-யும் "கேள்வி எழவில்லை" என்று முடிந்துவிடும். ஒவ்வோர் உட்கேள்வியும் தன் காலில் நிற்க வேண்டும். எண்ணைத்தான் முதலில் கேட்க வேண்டும், கருத்தை அல்ல. எந்தக் கணக்கெடுப்பு, எந்த ஆண்டு, எந்த மாவட்டம் என்று (அ)-விலேயே பெயர் சொல்லிவிட வேண்டும்.

இன்னும் இரண்டு பொறி உண்டு. பொதுவில் கிடைக்கும் ஆவணத்தில் ஏற்கெனவே உள்ளதைக் கேட்டால் அனுமதி மறுக்கலாம். மாநில அரசின் பொறுப்பில் உள்ளதைக் கேட்டாலும் அப்படியே. நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் மாநிலத் துறையின் கீழ் வருபவை. "காரைக்குடிச் சங்கங்களில் எத்தனை உறுப்பினர்" என்று தில்லியில் கேட்பது விலாசம் தப்பிய தபால். அதற்குச் சட்டமன்ற உறுப்பினரிடம் போக வேண்டும், அல்லது சட்டமன்றத்தில் துறைக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கையின்போது வைக்கப்படும் கைத்தறித் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைப் புரட்ட வேண்டும். அது தமிழிலேயே கிடைக்கும். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

பதிலைப் படிப்பதும் ஒரு வேலைதான். நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, 2019-20, நாடு முழுக்க 35,22,512 பேர் என்கிறது. வேறு இடத்தில் 26,73,891 என்று பார்ப்பீர்கள். இரண்டும் ஒரே கணக்கெடுப்புதான். சிறிய எண் தறியில் உட்கார்ந்து நெய்கிறவர்கள் மட்டும். மீதி 8,48,621 பேர் பாவு ஓட்டுபவர்கள், நூல் சுற்றுபவர்கள், சாயம் போடுபவர்கள் போன்ற துணைத் தொழிலாளர்கள். செய்தித்தாள்கள் இரண்டையுமே "நெசவாளர்" என்று எழுதிவிடுகின்றன. எங்கள் முதல் மனுவில் இந்த இரண்டும் கலந்துபோயிருந்தன. சாயச்சாலை கேட்கிற மனுவில் சாயம் போடுகிறவர்களை விட்டுவிட்டு எண் கொடுப்பது எவ்வளவு பெரிய பிழை! 2009-10 கணக்கெடுப்பின் 43.31 லட்சத்தோடு ஒப்பிடுவதானால் 35.22 லட்சத்தைத்தான் எடுக்க வேண்டும். இரண்டுமே நெசவாளரையும் துணைத் தொழிலாளரையும் சேர்த்தவை. 26.73 லட்சத்தை எடுத்தால் சரிவு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். எதிரே உட்கார்ந்திருப்பவர் விவரம் தெரிந்தவர் என்றால் அந்த ஒரு வரியிலேயே மனு படுத்துவிடும்.

செட்டிநாட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒரு தொல்லை. அரசுக் கணக்கில் "செட்டிநாடு" என்று ஓர் அலகே கிடையாது. நம் ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டத்தில் கிடக்கின்றன. மக்களவைத் தொகுதி என்று பார்த்தால் சிவகங்கைத் தொகுதிக்குள் புதுக்கோட்டை மாவட்டத்தின் திருமயமும் ஆலங்குடியும் வருகின்றன. தொகுதி வாரியாக வந்த எண்ணையும் மாவட்ட வாரியாக வந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டினால் திருமயம் இரண்டு தடவை சேரும், அல்லது சேராமலே போகும். எல்லைகளும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிவகங்கை மாவட்டம் 13,39,101 பேர், காரைக்குடி நகராட்சி 1,06,714 பேர். அதற்குப் பிறகு திருப்பத்தூர் வட்டத்திலிருந்து சிங்கம்புணரி பிரிந்தது. 2024-இல் காரைக்குடி மாநகராட்சியாகி கோட்டையூரும் கண்டனூரும் உள்ளே வந்தன. பழைய பதிலில் "காரைக்குடி" என்றிருப்பதும் இன்றைய காரைக்குடியும் ஒன்றல்ல. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று தேதி குறித்திருக்கிறார்கள். அதுவரை 2011-ஐ வைத்துத்தான் ஓட்ட வேண்டும். எந்த எல்லைப்படி என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

பழைய பதில்களைத் தேடப் போகிறவர்களுக்கு: நாடாளுமன்றத்தின் சன்சத் தளத்தில் இரண்டு அவையின் பதில்களும் இருக்கின்றன, இந்தியிலும் ஆங்கிலத்திலும். கேள்வி எண்ணை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு போகாதீர்கள். கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அவை, தேதி, எண் மூன்றும் சேர்ந்தால்தான் ஆவணம் கிடைக்கும். தலைப்பில் ஊர்ப் பெயர் இருக்காது, அமைச்சகத்தின் பெயரை வைத்து வடிகட்டுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலும் படுத்தும். சிவகங்கையைச் "சிவகங்கா" என்றும் எழுதுகிறார்கள், "சிவகங்கை" என்றும் எழுதுகிறார்கள். காரைக்குடிக்கு நடுவில் ஒரு கே போடுவதா இரண்டு கே போடுவதா என்பதிலும் ஒற்றுமை இல்லை. எல்லா விதமாகவும் போட்டுப் பாருங்கள். இணைப்புத் தாளை நகலெடுத்து ஒட்டும்போது கட்டங்கள் நகர்ந்து, ஒரு மாநிலத்தின் எண் அடுத்த மாநிலத்துக்கு எதிரே போய் உட்காரும். அடியில் உள்ள மொத்தத்தோடு ஒருமுறை கூட்டிச் சரிபார்த்துவிடுங்கள்.

"தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவை முன் வைக்கப்படும்" என்று முடியும் பதிலைப் பார்த்தால் மூடி வைத்துவிடாதீர்கள். அது உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது வழக்கம், அரசு உறுதிமொழிக் குழு அதைப் பின்தொடரும். முழு விவரம் பிறகு நிறைவேற்றல் அறிக்கையாக அவையில் வைக்கப்படும். முதலில் வந்த பதிலோடு நின்றுவிடுகிறவர்களுக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாது. நாங்களும் ஒரு பழைய பதிலை அப்படித்தான் தள்ளிவிட்டுப் போயிருந்தோம்.

கடைசியில் கதவு திறந்தது தகவல் உரிமைச் சட்டத்தில். அதற்கு முன் ஒரு வீண் பயணம். மாவட்ட அளவிலான ஓர் அலுவலகத்துக்குப் பஸ் ஏறி மனுவை நேரில் கொண்டுபோனால், முகப்பில் இருந்தவர் முதல் வரியைப் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார்: "இது எங்க ஆபீஸ்ல வராது சார். சம்பந்தப்பட்ட எடத்துல குடுங்க." எந்த இடம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. உணவு இடைவேளை முடியும்வரை நின்றுவிட்டு, மனுவோடு திரும்பினோம். அன்றைக்குச் சொல்லத் தெரியாமல் போனது இது: சட்டத்தின் 6(3) பிரிவுப்படி, தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. வாங்க மறுக்க முடியாது.

இரண்டாம் முறை நேரில் போகவில்லை. பொதுத் தகவல் அலுவலர் என்று பதவிப் பெயருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தினோம். மாநில அலுவலகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். மத்திய அலுவலகத்துக்கு அதே 10 ரூபாய்க்குப் போஸ்டல் ஆர்டர் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் கட்டணம் இல்லை என்று மனு திரும்பும். கேள்வியை "ஏன்", "எதற்காக" என்று எழுதாமல் பதிவேட்டின் நகல் என்று கேட்டோம்: சங்க வாரியாக உறுப்பினர் பட்டியல், கூலி பெற்றவர் எண்ணிக்கை, கடந்த மூன்று நிதியாண்டுக்கு. 30 நாள் கெடு, 27-ஆம் நாள் உறை வந்தது. வராதிருந்தால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும். அதற்கான தாளையும் தயாராக எழுதி வைத்திருந்தோம்.

கூலி பெற்றவர் என்று சேர்த்துக் கேட்டதற்குக் காரணம் ஒரு பெரியவர். தறி எண்ணப் போனபோது அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் மூன்று தறி. இரண்டின் மேல் பழைய பாய் போர்த்தியிருந்தது, பலகையில் தூசி. மூன்றாவதில் மட்டும் அரக்குச் சிவப்புக் கட்டம் பாதி ஏறியிருந்தது. "மூணு தறி கெடக்கு தம்பி, ஓடுறது ஒண்ணுதான். நீங்க எத எழுதப் போறீக?" என்றார். உறுப்பினர் பட்டியலை எடுத்தால் அவர் வீட்டில் மூன்று, கூலிப் பதிவேட்டை எடுத்தால் ஒன்று. இரண்டு பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இந்த இடைவெளி சங்கம் சங்கமாகத் தெரிந்தது. சாயச்சாலைக்கான மனுவில் இப்போது இரண்டு எண்ணையும் தனித்தனியாகப் போட்டிருக்கிறோம், எது எந்தப் பதிவேட்டிலிருந்து என்ற குறிப்போடு.

உறையில் வந்த தாள்களில் இரண்டு சங்கத்துக்கு நிதியாண்டு குறிப்பிடப்படவில்லை. அந்த இரண்டுக்கும் மட்டும் ஆண்டைக் கேட்டு மறுபடி எழுதியிருக்கிறோம். 10 ரூபாய் வில்லை ஒட்டி, ஸ்பீடு போஸ்டில்.