தூரத்தில் நிற்கும் தமக்கை

மார்ச் 2
விவிலியக் கதையொன்றைப் பள்ளிச் சிறுமி ஒருத்தி பட்டில் தைத்த பழைய படம். அதன் சட்டத்தை இன்றும் பிரிக்கவில்லை.

மார்ச் 3
நாணற்பெட்டியில் குழந்தை மோசே கிடக்கிறான். பார்வோன் குமாரத்தி குனிந்திருக்கிறாள். தாதிமார் மூவருக்கும் முகம் உண்டு. கோரைக்குள் ஒதுங்கி நிற்கும் தமக்கைக்கு மட்டும் முகம் தீட்டப்படவில்லை. மெல்லிய மைக்கோட்டு வட்டத்துக்குள் வெறும் பட்டு, அதுவும் தேயிலைக் கறையின் நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனால் அவளுடைய ஆடையில் ஒரு குறையும் சொல்ல முடியாது: துணி மடிந்து விழும் திசையிலேயே பட்டு நூலை ஓட்டியிருக்கிறாள் அந்தப் பள்ளிச் சிறுமி, விளக்கைச் சற்று நகர்த்தினால் மடிப்புகள் அசைகின்றன.

மார்ச் 4
பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்து அமெரிக்கப் பெண்கள் பள்ளிகளில் ஆடையும் புல்லும் மாணவியின் ஊசிக்கு உரியவை; முகம், கை, வானம் ஆகியவை பெரும்பாலும் நீர்வண்ணத்தில், பல வேளை வேறொருவர் கையால் தீட்டப்பட்டவை. பிலடெல்பியாவில் மனைவி தையல் கற்பிக்க, சிற்றோவியரான சாமுவேல் ஃபோல்வெல் முகங்களைத் தீட்டினார். 1813-இல் அவர் இறந்த பின் மகன் அவ்வேலையைத் தொடர்ந்தார். என் படத்தின் ஐந்து முகங்களும் ஒரே கையின் வேலை. அந்தக் கை ஆறாவது முகத்துக்கு ஏன் வரவில்லை? பணம் கட்டவில்லையா, சிறுமியை ஊருக்கு அழைத்துக்கொண்டார்களா என்று யோசித்தே பொழுது போயிற்று.

மார்ச் 6
என் கண் அறுவைக்கு 17ஆம் தேதி என்று முடிவாகிவிட்டது. முதலில் இடக்கண்.

மார்ச் 9
மாசசூசெட்ஸின் டார்செஸ்டரில் 1803-இல் சாண்டர்ஸ், பீச் என்னும் இரு பெண்மணிகள் தொடங்கிய பள்ளியின் வேலை இது என்று விற்றவர் சாதித்தார். பெயர் இருந்தால் விலை ஏறும், நான் நம்பவில்லை. கண்ணாடியின் உட்புறக் கறுப்புப் பட்டையில் மாணவியின் பெயரைப் பொன்னெழுத்தில் எழுதும் வழக்கம் இருந்தது. என்னுடையதில் கண்ணாடியையே பின்னாளில் மாற்றிவிட்டார்கள். நைல் கரையில் நியூ இங்கிலாந்து மரங்கள் நிற்கின்றன. குமாரத்தியின் கவுனுக்கு இடுப்பு மார்பின் கீழேயே தொடங்குகிறது. சிறுமி தான் உடுத்தியதையே எகிப்துக்கும் உடுத்திவிட்டாள்.

மார்ச் 12
பழந்துணி நிபுணர் வந்தார். பின்பலகையின் அமிலம் பட்டுத் துணியை நைத்துவிட்டது; கண்ணாடியும் பட்டோடு ஒட்டியிருக்கிறது; இரும்புச் சாயம் ஏறிய பழுப்பு நூல், அதாவது தமக்கையின் கூந்தல், தொட்டால் பொடியாகும் என்றார். வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக் கூடாதாம். நான் இத்தனை நாள் மேசை விளக்கை அருகே பிடித்துப் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. முகத்தை இனித் தீட்ட முடியுமா என்று கேட்டுவிட்டேன். ‘கூடாதுங்க’ என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 13
கடையில் மிக நுண்ணிய தூரிகை ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

மார்ச் 16
படத்தை எடுத்துப் போய்விட்டார்கள். சுவரில் ஆணி இருக்கிறது.

மார்ச் 18
நிபுணர் ஒரு புகைப்படம் அனுப்பியிருக்கிறார். சட்டத்துக்குள் மறைந்திருந்த பட்டு விளிம்பில், பென்சிலால் ஒரு மூக்கை மூன்று முறை வரைந்து பழகியிருக்கிறது. மூன்றாவதன் கீழே உதடு தொடங்கி நிற்கிறது. வலக்கண்ணால் இவ்வளவுதான் தெரிகிறது. நாளைக் காலை கட்டவிழ்த்த பிறகு