211 சென்டிமீட்டரும் ஒரு தலைவலியும்

பஸ்ஸர்பீட்டர், அதாவது நாமே கூடைப்பந்து அணி நடத்தும் இணைய விளையாட்டில், இந்த சீசன் டிராஃப்ட் (புதுப் பையன்களை அணிகள் முறை வைத்து எடுப்பது) முடிந்தது. முதல் சுற்றில் எனக்கு விழுந்தவன் 18 வயது, 211 சென்டிமீட்டர். பக்கத்தைத் திறந்ததும் துள்ளினேன். பாஸ், பந்தைக் கையாளுவது இரண்டும் பிரமாதம். உள்ளே போடும் ஷாட்டும் ரீபவுண்டும் (தவறித் திரும்பும் பந்தைப் பிடிப்பது) சுமார்தான், ஆனால் அவை நெட்டையனுக்குச் சீக்கிரம் ஏறிவிடும். இப்படி ஒருவனுக்காகத்தான் எத்தனையோ சீசன் காத்திருந்தேன்.

அப்புறம் பொட்டென்ஷியல், அதாவது எவ்வளவு தூரம் வளர முடியும் என்ற வரியைப் பார்த்தேன். பெஞ்ச் வார்மர். பெஞ்சில் உட்காரத்தான் லாயக்கு.

புரிந்தவர்களுக்குப் புரியும். கொஞ்ச நாளில் வரம்பு முட்டும், அதற்கு மேல் பயிற்சி நத்தையாக ஊரும்.

தப்பு என்னுடையதுதான். லீக்கில் 16 அணி, 3 சுற்று, மொத்தம் 48 பையன்கள். வாரா வாரம் ஸ்கௌட்டிங்குக்கு (பையன்களை முன்கூட்டியே நோட்டம் விடுவதற்கு) பணம் கொட்டிச் சேர்த்த புள்ளிகளை ஆளுக்கு ஒன்றாகத் தெளித்துவிட்டேன். அக்கா மகன் அப்போதே சொன்னான்: "மாமா, எல்லாரையும் வாசலில நின்னு எட்டிப் பாக்காதீங்க. நாலு வீட்டுக்குள்ள போய்ப் பாருங்க." அவன் ஜொஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருந்துகொண்டு என் அணியை என்னைவிட நன்றாக நடத்துவான். கேட்கவில்லை. பட்டியலில் மேலே வைத்த ஐந்து பேரையாவது இரண்டாம் முறை பார்த்திருக்க வேண்டும். மதிப்பெண் நன்றாக இருக்கிறதே என்று வரிசையை அப்படியே சேமித்துவிட்டு, டர்பன் சாட்ஸ்வொர்த்தில் கூழ் ஊற்றப் போய்விட்டேன். அம்மனைக் குறை சொல்ல முடியாது.

வேடிக்கை என்னவென்றால், நான் ஏறெடுத்தும் பார்க்காமல் கடைசியில் போட்ட பையன்தான் மூன்றாம் சுற்றில் வந்திருக்கிறான். 18 வயது, 180 சென்டிமீட்டர், பொட்டென்ஷியல் ஆல்ஸ்டார், பெஞ்ச் வார்மரைவிட எவ்வளவோ மேல். திறன்கள் இப்போதைக்குக் கண்றாவி. இருக்கட்டும். ஜொஹானஸ்பர்க்கில் பிறந்த ஸ்டீவ் நாஷை 1996 என்பிஏ டிராஃப்டில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் அணி 15-ஆவதாக எடுத்தபோது அந்த ஊர் ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். 2005, 2006 இரண்டு வருடமும் எம்விபி (லீக்கின் மிகச் சிறந்த வீரர்) அவர்தான். எங்கள் டர்பன் ஃபீனிக்ஸில் இருக்கும் தம்பியிடம் இதைச் சொன்னால், "அது வேற ஃபீனிக்ஸ் அண்ணா" என்று ஒவ்வொரு முறையும் ஞாபகப்படுத்துவான்.

சரி, குட்டையனுக்கு கார்ட் (பந்தை எடுத்துப்போய் ஆட்டம் நடத்தும் இடம்) பயிற்சி தொடங்கியாயிற்று. பயிற்சி முழுசாகப் பலிக்க வாரம் 48 நிமிடம் அந்த இடத்திலேயே ஆட வேண்டும். முதல் வாரமே ஃபவுல் மேல் ஃபவுல் வாங்கி வெளியே போனான், 31 நிமிடத்தோடு சரி. இப்போது அந்த இடத்துக்கு மாற்று ஆளே போடாமல், வியாழக்கிழமை ஆட்டத்தில் மிச்ச நிமிடங்களை நிரப்பப் பார்க்கிறேன். லீக் ஆட்டம் தோற்றாலும் பரவாயில்லை.

நெட்டையனை ஏலத்தில் விட்டிருக்கிறேன். உயரத்தைப் பார்த்து மயங்க என்னைப் போல் இன்னொருவன் எங்காவது இருப்பான். அந்தப் பணம் முழுவதும் அடுத்த சீசன் ஸ்கௌட்டிங்குக்குத்தான். இதுவரை ஒருவரும் விலை கேட்கவில்லை.