சாண்டோரினியின் கருமணற் கரை

கிரேக்கத் தீவான சாண்டோரினி என்றதும் நம்மவர் மனத்தில் எழுவது வெள்ளைச் சுவர்களும் நீலக் குவிமாடங்களும்தான். சிங்கப்பூரிலிருந்து அங்கே செல்லும் பலர், இயா என்னும் ஊரில் சூரியன் மறைவதைப் படம் எடுப்பதற்கென்றே ஒரு முழுநாளை ஒதுக்கிவிட்டு, கருமணல் கடற்கரைக்கு ஊர் திரும்பும் நாளில் மிஞ்சும் பொழுதைத் தருகிறார்கள். என்னைக் கேட்டால் அந்தக் கணக்கை மாற்றிப் போட வேண்டும் என்பேன். அந்தத் தீவு எப்படி உருவானது என்பதைக் கையில் அள்ளிப் பார்க்கக்கூடிய இடம் அந்தக் கடற்கரைதான். இயாவில் கூட்டத்தின் தோள்களுக்கு இடையே எட்டிப் பார்ப்பதைவிட அது எனக்கு மேலாகத் தோன்றியது.

தீவின் மேற்குப் பக்கம், ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளமும் 7 கிலோமீட்டர் அகலமும் கொண்டு கடல்நீர் நிறைந்து கிடக்கும் எரிமலைப் பெருங்குழியை நோக்கிச் செங்குத்தாக நிற்கிறது; சில இடங்களில் அந்தப் பாறைச்சுவரின் உயரம் 300 மீட்டரை எட்டும். ஃபிராவும் இயாவும் அதன் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள். கிழக்கும் தென்கிழக்கும் அப்படியல்ல. அங்கே நிலம் திராட்சைத் தோட்டங்களின் ஊடாக மெல்லச் சரிந்து கடலைத் தொடுகிறது. கமாரி, பெரிசா, பெரிவோலோஸ் ஆகிய கருமணல் கடற்கரைகள் இந்தச் சரிவின் அடியில் இருக்கின்றன.

ஜூன் பள்ளி விடுமுறையில் அம்மாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். ஃபிராவிலிருந்து பேருந்தில் பெரிசாவுக்கு வந்து இறங்கியபோது நண்பகல் நெருங்கிக்கொண்டிருந்தது. கருமை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பாமல் உள்வாங்கிக்கொள்ளும் என்பது பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். ஆனாலும் வெறுங்காலோடு மணலில் நான்கு எட்டு வைத்த மகள் ஐந்தாவது எட்டில் திரும்பி ஓடி வந்தாள். நீர் வரைக்கும் மரப்பலகைப் பாதை போட்டிருப்பது அழகுக்காக அல்ல என்பது அப்போது விளங்கியது.

தூரத்திலிருந்து ஒரே கருப்பாகத் தெரிந்த மணல், உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அப்படி இல்லை. கருஞ்சாம்பல் துகள்கள்தான் பெரும்பகுதி. அவற்றுக்கிடையே துருப்பிடித்த செம்பழுப்பு, பால் வெள்ளை, கண்ணாடிச் சில்லு போல மினுங்கும் சில கருந்துகள்கள். நனைந்த பகுதி மை போலப் பளபளத்தது. காய்ந்த பகுதி அடுப்புச் சாம்பலின் நிறத்துக்கு வெளிறியிருந்தது. ஃபிராவின் நினைவுப் பொருள் கடையில் வாங்கிய, குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தத்தை என் மகள் பையிலிருந்து எடுத்து மணலுக்கு மேலே மெல்ல ஓட்டினாள். எல்லாத் துகளும் வரவில்லை. வந்தவை காந்தத்தின் அடியில் கம்பளிப்பூச்சியின் மயிர்போலக் குத்திட்டு நின்றன. அவை மேக்னடைட் என்னும் இரும்புத் தாது கலந்த துகள்கள். அவற்றைத் தட்டி உதிர்த்துவிட்டு மறுபடியும் ஓட்டுவதும், மறுபடியும் தட்டுவதுமாக அவளுக்குப் பொழுது போனதே தெரியவில்லை.

எரிமலைக் குழம்பில் சிலிக்கா குறைந்து இரும்பும் மக்னீசியமும் மிகுந்திருந்தால், அது இறுகும்போது கரும்பாறையாகும். சிலிக்கா மிகுந்தால் வெளிறிய பாறையாகும். சாண்டோரினி இரண்டு வகையையும் கக்கிய மலை. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெருவெடிப்பில் வெளியேறியது பெரும்பாலும் வெளிறிய நுரைக்கல்தான். அதன் படிவம் தீவின் சில பகுதிகளில் பல பத்து மீட்டர் கனத்துக்கு மூடிக் கிடக்கிறது. அப்படியானால் கரை வெள்ளையாக அல்லவா இருக்க வேண்டும் என்ற கேள்வி எனக்கு எழுந்தது. அதற்கான பதில் எடையில் இருக்கிறது. நுரைக்கல்லின் உள்ளே நிறையக் காற்றறைகள் இருப்பதால் அது நீரில் மிதக்கும். அலை அதை எளிதாகக் கொண்டுபோய்விடும், அல்லது அரைத்துத் தூளாக்கிவிடும். கனமான எரிமலைக் கரும்பாறைத் துணுக்குகள் அப்படிப் போவதில்லை. அலை புரட்டப் புரட்ட உருண்டு தேய்ந்து, கரையிலேயே தங்கிவிடுகின்றன. விரல் நுனி அளவுள்ள நுரைக்கல் ஒன்றைப் பொறுக்கி நீரில் போட்டோம். அது தக்கையாக ஆடிக்கொண்டே விலகிச் சென்றது. பக்கத்தில் போட்ட கருங்கல் சட்டென மூழ்கியது. இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்தத் தகவல் பலகையாலும் தர முடியாது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்து, திருமணமாகிச் சிங்கப்பூருக்கு வந்தவர் என் அம்மா. மணலைப் பார்த்ததும், “நம்ம மணவாளக்குறிச்சியிலயும் இப்படிக் கருப்பு மண்ணு கெடக்குமே, மக்களே! அதுக்கா இவ்வளவு செலவழிச்சு வந்தோம்?” என்றார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்தக் கருமைக்கும் இந்தக் கருமைக்கும் வேர் வேறு. மணவாளக்குறிச்சியின் கருமணலில் எரிமலைக்குப் பங்கில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மிகப் பழைய பாறைகள் சிதைந்து, ஆறுகள் வழியே கடலுக்கு வந்து, அலைகளால் சலித்தெடுக்கப்பட்டு ஒதுங்கிய இல்மனைட், கார்னெட், மோனசைட் முதலிய கன கனிமங்கள் அவை. டைட்டானியத்துக்காகவும் அரிய மண் தனிமங்களுக்காகவும் அந்த மணலை அள்ளுகிறார்கள். மோனசைட்டில் தோரியமும் உண்டு. சாண்டோரினி மணலையோ, மேலே துண்டை விரித்துப் படுப்பதற்குத்தான் மக்கள் தேடி வருகிறார்கள். கனத்தது தங்கும், இலேசானது போய்விடும் என்ற அலையின் கணக்கு மட்டும் இரண்டு கரைகளுக்கும் பொது. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “அப்போ ரெண்டும் சலிச்ச மண்ணுதான்” என்று முடித்துக்கொண்டார். நான் இரண்டு பத்தியில் எழுதியதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

பெரிசாவின் வடக்கு முனையில் மேசா வூனோ என்னும் மலை கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது; அதன் மறுபுறம் கமாரி. கரைகள் இரண்டும் கருமையாக இருக்க, நடுவில் நிற்கும் மலை மட்டும் வெளிறிய சாம்பல் நிறத்தில் இருப்பதைக் கவனித்தவர்களுக்கு ஐயம் வரும். அது எரிமலை ஈன்ற மலையே அல்ல. எரிமலை தோன்றுவதற்கு முன்பே அங்கிருந்த சுண்ணாம்புக்கல் தீவின் எச்சம் அது. தீவின் மிக உயரமான இடமான, 567 மீட்டர் உயரமுள்ள புரோஃபிட்டிஸ் இலியாஸ் மலையும் அதே வகையைச் சேர்ந்ததுதான். மேசா வூனோவின் உச்சியில் ஸ்பார்டாவிலிருந்து வந்தவர்கள் கட்டிய பழைய தேரா நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. பெரிசாவிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறலாம். கமாரி பக்கத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையும் உண்டு. மேலே நின்று பார்த்தால், இருபுறமும் கருங்கரை விரிந்திருப்பது ஒரே பார்வையில் தெரியும்.

எரிமலை இன்னும் ஓய்ந்துவிடவில்லை. பெருங்குழியின் நடுவிலுள்ள நேயா கமேனி தீவில் கடைசியாக 1950-இல் குழம்பு வெளிவந்தது. 1650-இல் தீவின் வடகிழக்கே கடலடியில் இருக்கும் கொலும்போ எரிமலை வெடித்தபோது எழுந்த பேரலை இந்தக் கிழக்குக் கரையைத்தான் தாக்கியது. 2025-இன் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான நிலநடுக்கங்கள் அடுத்தடுத்து உலுக்க, 10,000-க்கும் மேற்பட்டோர் தீவைவிட்டு வெளியேறினர். 3,600 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பெருவெடிப்பில் புதைந்துபோன அக்ரோத்திரி நகரத்தை 1967-இல் தொல்லியலாளர் ஸ்பிரிடோன் மரினாட்டோஸ் தோண்டத் தொடங்கினார். அங்கே ஒரு மனித உடல்கூடக் கிடைக்காததால், முன்னெச்சரிக்கையாக வந்த அதிர்வுகளைக் கண்டு மக்கள் தப்பியிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். பெரிசாவுக்குச் செல்பவர்கள் அக்ரோத்திரியையும் அதே நாளில் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது.

நான் மணலை இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததற்குச் சிங்கப்பூரில் வாழ்வதும் ஒரு காரணம். கிழக்குக் கடற்கரைப் பூங்கா, 1960-களில் தொடங்கிய நிலமீட்புப் பணியால் கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தின்மீது இருக்கிறது. செந்தோசாவின் வெண்மணல் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டப்பட்டது. மலேசியா 1997-இலும் இந்தோனேசியா 2007-இலும் மணல் ஏற்றுமதிக்குத் தடை விதித்த செய்திகளை நாளிதழில் படித்து வளர்ந்தவர்களுக்கு, மணல் என்பது விலை கொடுத்து வாங்கும் பொருள். சாண்டோரினியும் ஒரு காலத்தில் தன் மண்ணை விற்ற தீவுதான்: அதன் எரிமலைத் தூள் சுண்ணாம்புடன் சேர்ந்தால் நீருக்கடியிலும் இறுகும் என்பதால், சூயஸ் கால்வாய்க் கட்டுமானத்துக்காக அதைக் கப்பல் கப்பலாக வெட்டிக்கொண்டு போனார்கள். 1869-இல் அந்தக் கால்வாய் திறந்த பிறகு சிங்கப்பூர்த் துறைமுகத்தின் வணிகம் மேலும் பெருகியது என்பதையும் சேர்த்து நினைத்தால், அந்தத் தூளுக்கு நம் ஊரும் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது.

செல்ல விரும்புபவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். செருப்பு கட்டாயம், நீரிலும் போட்டுக்கொள்ளக்கூடிய காலணியாக இருந்தால் நல்லது, ஏனென்றால் பெரிசாவில் நீரில் இறங்கும் இடத்தில் சில பகுதிகள் வழவழப்பான பாறைத் தட்டுகளாக இருக்கின்றன, அவற்றில் கால் வழுக்கும். கமாரியில் கூழாங்கல் அதிகம், ஆழமும் சீக்கிரம் வந்துவிடுகிறது. கூரைக்குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்குக் கிடைக்கும். முன்வரிசையில் விலை கூடும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் மெல்டெமி என்னும் வடகாற்று வேகமெடுக்கும். அப்போது ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து வரும் கப்பல் தாமதமாகக்கூடும் என்பதால், சிங்கப்பூர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே ஏதென்ஸ் போய்ச் சேர்ந்துவிடுங்கள். சைவ உணவுக்காரர்கள் திண்டாட வேண்டியதில்லை. ஃபாவா என்னும் மஞ்சள் பருப்பு மசியலும், தீவின் சிறு தக்காளியில் செய்த பொரியலுருண்டையும் எந்த உணவகத்திலும் உண்டு. நினைவுக்காக மணலைப் புட்டியில் அடைத்துக் கொண்டுவர எண்ண வேண்டாம். கடற்கரையிலிருந்து மணலையோ கல்லையோ எடுத்துச் செல்வது கிரேக்கத்தில் சட்டப்படி தவறு.

எந்தக் கரைக்குப் போவது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: மணல் வேண்டுமானால் பெரிசா, சாயங்காலம் கடலோரமாக நடந்து கடைகளைப் பார்க்க வேண்டுமானால் கமாரி, கூட்டத்தைத் தவிர்க்க வேண்டுமானால் பெரிசாவிலிருந்து தெற்கே நடந்து பெரிவோலோஸைத் தாண்டுங்கள். சிறு பிள்ளைகளோடு செல்பவர்களுக்கு இவை மூன்றையும்விட, விமான நிலையத்துக்கு அருகிலுள்ள மொனோலித்தோஸ் பொருத்தமானது. அங்கேயும் மணல் கருமைதான், ஆனால் நீர் வெகுதூரம் வரை முழங்கால் அளவே இருக்கும்.