மிஞ்சும் எட்டுப் புள்ளிகள்: ஒரு கவுன்டர்-ஸ்ட்ரைக் நாட்குறிப்பு

ஜனவரி 6

கவுன்டர்-ஸ்ட்ரைக் என்ற கணினித் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் தடுக்கும் அணியில் ஆடிய இன்று, எதிரியின் தலையில் முதல் குண்டைப் பதித்த பிறகும் மூன்று முறை நானே விழுந்தேன். குறி தவறவில்லை என்பதுதான் மனத்தை உறுத்தியது. ஆட்டம் முடிந்ததும் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். எங்கள் அணியின் எம்4ஏ4 துப்பாக்கியின் அடிப்படைச் சேதம் 33. தலையில் பட்டால் அது நான்கு மடங்காகும். ஆனால் ஹெல்மெட் அணிந்தவரிடம் அதில் 70 சதவீதமே உள்ளே இறங்கும். மிக அருகிலிருந்து சுட்டால்கூட 92தான். முழு உயிர் 100 புள்ளிகள் என்பதால், எதிரிக்கு எட்டுப் புள்ளிகள் உயிர் மிஞ்சுகிறது. தாக்கும் அணியின் ஏகே-47-க்கு அடிப்படை 36, ஊடுருவல் 77.5 சதவீதம், பெருக்கினால் 111. ஹெல்மெட் இருந்தும் இல்லாததும் அதற்கு ஒன்றே.

கவசம் அணிந்த மார்பில் சுட்டாலும் இதே கதைதான். ஏகே நான்கு குண்டுகளில் முடிக்கிறது, எம்4-க்கு ஐந்து வேண்டும். எம்4 நிமிடத்துக்கு 666 குண்டுகள் என்ற வேகத்தில், ஏகேயின் 600-ஐ விட விரைவாகச் சுட்டாலும், முதல் குண்டிலிருந்து கடைசிக் குண்டு வரை அதற்கு 0.36 விநாடி ஆகிறது, ஏகேக்கு 0.3 விநாடி போதும்.

ஜனவரி 9

எம்4-ஐ வலுப்படுத்த வேண்டும் என்று நெடுநாளாக வாதாடி வந்தவன் நான். இன்று அந்த எண்ணத்தைக் கைவிடுகிறேன். தாக்க வருபவர் தெரியாத மூலைகளைத் தாண்டி நடந்து வர வேண்டும். நானோ குறியை முன்பே சரியான உயரத்தில் நிறுத்திக் காத்திருக்கிறேன். இந்த வசதியோடு ஒரே குண்டில் கொல்லும் ஆற்றலும் எனக்குக் கிடைத்தால், தாக்குபவர்கள் வெடிகுண்டு வைக்க வேண்டிய எந்தத் தளத்துக்குள்ளும் எவராலும் நுழைய முடியாது. குறைபாடு என்று நான் நினைத்திருந்த அந்த எட்டுப் புள்ளிகளைத் தீர்க்க இரண்டாவது ஆள் ஒருவர் தேவை. ஆகவே, தனியாக ஒரு மூலையைக் காப்பதை நிறுத்திவிட்டு, ஒரே வாசலை இரு கோணங்களிலிருந்து இருவர் பார்ப்பது என்று நண்பர்களிடம் பேசி முடிவு செய்தோம்.

ஜனவரி 13

ஹெல்மெட் விஷயத்தில் பெரிய தவறு செய்தோம். ஏகேக்கு எதிரே அது பயன்படாது என்பதால், சுற்றின் தொடக்கத்தில், ஆட்டத்துக்குள் கிடைக்கும் பணத்தில் 650 டாலர் கவசத்தை மட்டும் வாங்கி 350 டாலரை மிச்சப்படுத்தினோம். எதிரணி வைத்த வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்யும் நேரத்தை 10 விநாடியிலிருந்து 5 ஆகக் குறைக்கும் கருவியான கிட்டின் விலை 400 என்பதால், அந்த மிச்சம் சிறிய தொகை அன்று. ஆனால் எதிரணி முந்தைய சுற்றில் தோற்று, கையில் பணமின்றி, வெறும் கிளாக் கைத்துப்பாக்கிகளோடு ஓடிவந்தது. கிளாக்கின் குண்டு வெறுந்தலையில் 120, ஹெல்மெட்டில் 56. எங்களில் மூவர் ஒற்றைக் குண்டில் சாய்ந்தார்கள். எதிரியின் பையில் எவ்வளவு இருக்கும் என்று எண்ணாமல் கடையைத் திறந்ததுதான் எங்கள் பிழை. தோற்றவருக்குக் கிடைக்கும் தொகை 1400-இல் தொடங்கி, தொடர்ந்து தோற்றால் சுற்றுக்கு 500 கூடி 3400 வரை செல்லும் என்பதை நினைவில் வைத்திருந்தால், இதை ஊகிப்பது கடினமே அல்ல.

ஜனவரி 14

விலையின் வலிமையைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எஸ்ஜி 553 பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த துப்பாக்கி. 2018 அக்டோபரில் ஆட்டத்தை உருவாக்கியவர்கள் அதன் விலையை 3000-இலிருந்து 2750 ஆகக் குறைத்தார்கள்; அடுத்த ஆண்டே பெரிய போட்டிகளில் ஏகேயின் இடத்தை அது பிடிக்கத் தொடங்கியது. பிறகு விலையை மீண்டும் ஏற்ற வேண்டியதாயிற்று. தொலைதூரத் துப்பாக்கியான ஏடபிள்யூபி விஷயத்தில் வேறு வழியில் சென்றார்கள்: 2022 நவம்பரில் அதன் மேகசினை 10 குண்டுகளிலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். 4750 டாலர் விலையும், ஒரே குண்டில் மார்பைத் துளைக்கும் ஆற்றலும் அப்படியே இருந்தன. புகைக்குள் கண்மூடித்தனமாகச் சுட்டுப் பார்க்கும் பழக்கத்துக்கு மட்டும் அடி விழுந்தது. மிக நுட்பமான திருத்தம் என்று இதை மதிக்கிறேன்.

ஜனவரி 18

இன்ஃபெர்னோ என்ற ஆட்டக்களம், அதில் பனானா எனப்படும் பாதை. எதிரணி பி தளத்தின் வாசலை ஸ்மோக் என்ற புகைக்குண்டால் மூடியது. அந்தப் புகை சில விநாடிகள் நிற்கும். அதற்குள் அவர்கள் புகையின் விளிம்பு வரை நெருங்கிவிடுவார்கள். எங்கள் மூன்றாவது ஆட்டக்காரர் ஒரு கைக்குண்டைப் புகையின் நடுவே வீசினார். அது வெடித்த கணம் வெண்புகை இரண்டாகப் பிளந்து, மண்ணிறச் சுவரோரம் குனிந்திருந்த ஒரு தலை தெளிவாகத் தெரிந்தது. ஒருமுறை சுட்டேன், அவர் விழவில்லை. புகை மீண்டும் கூடுவதற்குள், இடப்பக்கக் கோணத்திலிருந்த நண்பரின் எம்பி9 துப்பாக்கி இரண்டு முறை சீறியது. சுற்று முடிந்ததும் திரையில் சேதக் கணக்கு வந்தது: தூரத்தால் சற்றுக் குறைந்து, என் பெயருக்கு நேரே 89. நண்பரின் பெயருக்கு நேரே 11.