பதஞ்சலியின் ஊருக்கு

இலங்கையின் வடக்கே, வன்னிக் காட்டோரத்தில் இருக்கும் தண்ணிமுறிப்பு என்ற ஊர் எனக்கு அறிமுகமானது அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ வழியாகத்தான். 1973ஆம் ஆண்டு வீரகேசரி பிரசுரமாக வெளிவந்த நாவல் அது. நூலகம் இணையத்தளத்தில் எடுத்து, கைத்தொலைபேசித் திரையில் ஒவ்வொரு பக்கமாகப் பெரிதாக்கி இரண்டு இரவுகள் விழித்திருந்து வாசித்தேன். அதுவரை நான் வாசித்த நாவல்களின் பெண்கள் காவிரிக்கரையிலோ சென்னை மாடிவீட்டிலோ இருந்தார்கள். அவர்களையும் நான் மனமார நேசித்தேன். ஆனால் பாலையும் வீரையும் நிற்கும் காட்டுக்குள், எங்கள் ஊர்க் குளம் போன்ற ஒரு குளத்தங்கரையில் நாவலின் நாயகி பதஞ்சலி நடந்து வந்தபோது, எனக்குத் தெரிந்த ஒருத்தியே கதைக்குள் வந்துவிட்டதுபோல நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த ஊரைப் பார்க்கவேண்டும் என்ற ஆசை அன்றே பிடித்துக்கொண்டது.

முள்ளியவளையில் என் பெரியம்மா இருக்கிறார். அவருடைய மகள், எனக்கு அக்கா, அங்கே ஒரு பாடசாலையில் தமிழ் கற்பிக்கிறார். ஆனி மாதத்து விடுமுறை நாளொன்றில் வவுனியாவில் பஸ் ஏறினேன். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் எல்லாம் அரைத்தூக்கத்தில் கழிந்தன. மாங்குளத்தில் இறங்கி முல்லைத்தீவு பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் ஓர் அம்மா பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். வன்னிக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தப் பழத்தைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். சுண்டுவிரல் நுனியளவுதான் இருக்கும், மஞ்சள் நிறம், தேன்போல இனிப்பு. ஆனால் அதன் பால் உதட்டில் பசையாக ஒட்டிக்கொள்ளும். நாலு பழம் தின்றவுடன் வாய் திறக்க மறுக்கும். ஒட்டுசுட்டான் தாண்டும்வரை நான் பேசாமல் வந்ததற்குப் பாலைப்பழம்தான் காரணம் என்று பெரியம்மாவிடம் சொன்னபோது, “தேங்காயெண்ணெய் பூசு பிள்ளை, விட்டுவிடும்” என்று சிரித்தார்.

அன்றிரவு அக்கா ஒரு பையைத் திறந்தார். பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, காணி உறுதி என்று வன்னிச் சனம் இடப்பெயர்வுகள் முழுக்கத் தோளில் சுமந்த பை. 2009இல் எதையெல்லாமோ கைவிட்டுக் கடற்கரை வரைக்கும் போன குடும்பம் அது. அந்தப் பைக்குள் சான்றிதழ்களுக்கு நடுவே சீ.ஆர். கொப்பி என்று நாங்கள் சொல்லும் தடித்த அட்டைக் குறிப்பேடு ஒன்று இருந்தது. அட்டை பிய்ந்து, ஓரம் கறுத்து, நூல் மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது.

அதை மெதுவாகப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் திரைப்பட விளம்பரப் படங்கள், கறுப்பு வெள்ளையில். போரின்போது அரசாங்கம் வன்னிக்குப் போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் கொழும்புப் பத்திரிகை ஒழுங்காக வராது. கடையில் சீனியும் பருப்பும் சுற்றித் தரும் சரைகளாகத்தான் பழைய பத்திரிகைத் தாள்கள் வீட்டுக்கு வரும். அக்கா சரையைக் கவனமாகப் பிரித்து, சுருக்கத்தைக் கையால் நீவி, படத்தை வெட்டிச் சோற்றுப்பசையால் ஒட்டியிருக்கிறார். ஒரு நடிகையின் கன்னத்தில் எண்ணெய்க் கறை. இன்னொரு படத்தில் கதாநாயகனுக்குப் பாதி முகம்தான் இருந்தது. மீதிப் பாதி வேறு யாரோ வீட்டுச் சரைக்குப் போயிருக்கவேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே நீல மையில், நெருக்கமான எழுத்தில் ஒரு கதை. அந்தப் படங்களில் ஒன்றையும் அக்கா பார்த்திருக்கவில்லை. பார்க்க மின்சாரமும் இல்லை, படமும் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டு எரிக்கும் விளக்கின் முன்னால், படத்தில் இருக்கும் முகங்களை வைத்துக்கொண்டு, இவர் அழுவது எதற்காக, அவள் திரும்பி நிற்பது ஏன் என்று தானாகக் கதை எழுதியிருக்கிறார். எழுதியதை மறுநாள் பாடசாலையில் பக்கத்து வாங்குச் சிநேகிதியிடம் கொடுப்பார். 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பிள்ளை அவள். அவள் குடும்பம் உடுப்பு மூட்டைக்குள் சில நாவல்களையும் கொண்டு வந்திருந்தது. கதைக்குப் பதில் நாவல் என்பது இருவருக்கும் இடையிலான ஒப்பந்தம்.

2002இல், வன்னி ஊடாக யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை திறந்த பிறகு படங்கள் வந்தன. அயலில் ஜெனரேட்டர் பூட்டித் தொலைக்காட்சி காட்டிய வீட்டு முற்றத்தில் இருந்து அக்கா தன் கொப்பியில் இருந்த படங்களில் சிலவற்றைப் பார்த்திருக்கிறார். “எப்படி இருந்தன?” என்று கேட்டேன். “இரண்டுக்கு என் கதைதான் நல்லது” என்றார். கொப்பியை வாசித்தவள் என்ற முறையில் நானும் அதையே சொல்வேன்.

எனக்கு நீண்ட காலமாக ஒரு மனக்குறை உண்டு. வன்னியில் வளர்ந்த பெண் என்றதும் கேட்பவர்கள் நேராகப் போருக்குப் போய்விடுகிறார்கள். எத்தனை தரம் இடம்பெயர்ந்தாய், யாரை இழந்தாய் என்பதற்கு மேல் கேள்வி நகர்வதில்லை. இழப்பைச் சொல்லத்தான் வேண்டும். அதைச் சொல்லாமல் இந்த மண்ணைப் பற்றி ஒரு வரியும் எழுத முடியாது. ஆனால் அதே பெண்ணுக்கு இரட்டைப் பின்னலும் ரிப்பனும் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்த பருவம் ஒன்று இருந்தது. அவள் நாவல் பாத்திரத்துக்காக அழுதிருக்கிறாள். முகம் தெரியாத நடிகனுக்குப் பெயர் வைத்திருக்கிறாள். செல்லடிக்குப் பதுங்குகுழிக்குள் இறங்கும்போது வாசித்த பக்கத்தில் ஈர்க்கு வைத்து மூடியிருக்கிறாள். அந்தப் பிள்ளைப் பருவத்தைக் கேட்காமல் விட்டால், போர் கொண்டுபோனது போதாதென்று மிச்சத்தையும் நாமே கொடுத்துவிடுகிறோம் என்றுதான் நினைக்கிறேன்.

கொப்பியை மூடிய பிறகு இருவரும் ‘பொன்மணி’ பார்த்தோம். 1977இல் தர்மசேன பத்திராஜா என்ற சிங்கள இயக்குநர் யாழ்ப்பாணத்தில் தமிழில் எடுத்த படம். சாதியும் சீதனமும் ஒரு வீட்டுப் பெண்பிள்ளைகளை எப்படி நெருக்குகின்றன என்பதை இத்தனை அமைதியாகச் சொன்ன ஈழத்துப் படம் வேறொன்றை நான் பார்க்கவில்லை. அக்காவுக்கும் படம் பிடித்திருந்தது. ஆனால் பொன்மணி இவ்வளவு குறைவாகப் பேசுவது அவருக்குப் பொறுக்கவில்லை. “அவள் மனதுக்குள் என்ன ஓடியது என்று நான் எழுதியிருப்பேன்” என்றார்.

காலையில் முதலில் வற்றாப்பளை. நந்திக்கடல் ஓரத்துக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கல் முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. கடல் நீரில் விளக்கெரியும் கோயில் என்று அதற்குப் பெயர். மதுரையை எரித்த கண்ணகி ஒரு மூதாட்டியாக இங்கே வந்தாள், மாடு மேய்த்த சிறுவர்களிடம் பேன் பார்க்கச் சொன்னாள், தலைமயிரை விலக்கிய சிறுவர்கள் அங்கே ஆயிரம் கண்களைக் கண்டார்கள் என்று ஊரார் கதை சொல்வார்கள். காப்பியத்தில் இல்லாத இந்தக் காட்சியை நான் மிக விரும்புகிறேன். கோபமெல்லாம் எரிந்து தீர்ந்த பிறகு, களைத்த ஒரு பெண் பிள்ளைகளின் மடியில் தலை சாய்க்கிறாள். இளங்கோவடிகள் நிறுத்திய இடத்திலிருந்து இந்தச் சனம் அவளைக் கூட்டிவந்து ஆறுதல்படுத்தியிருக்கிறது.

தண்ணீரூற்றில் ஆட்டோ பிடித்துக் குமுளமுனை ஊடாகத் தண்ணிமுறிப்புக்குப் போனோம். போகப் போக வீடுகள் குறைந்து காடு நெருங்கியது. வழியில் காய்ந்த யானை விட்டை. ஆட்டோக்காரத் தம்பி வேகத்தைக் குறைத்து இருபக்கமும் பார்த்துக்கொண்டார். குளக்கட்டில் ஏறியவுடன் காற்று முகத்தில் அறைந்தது. மாரிகால நெற்செய்கையான காலபோகத்துக்கு நிறைந்திருந்த நீர் கீழிறங்கி, அலைகரையில் சேறு வெடித்துக் கிடந்தது. நடுவில் மட்டும் நீர் பளபளத்தது. பட்டுப்போன மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கம் குருந்தூர்மலைக் காடு. நாவலில் கோணாமலையரும் கதிராமனும் பதஞ்சலியும் வாழ்ந்த ஊர் இப்போது அப்படி இல்லை. 1984இல் இங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் இடம்பெயர்ந்துவிட்டன. நாவல் வெளிவந்து பதினொரு வருடங்களில் அது காட்டிய வாழ்க்கை கலைந்துபோயிருக்கிறது. கதை என்று எழுதியது ஆவணமாகிவிட்டது. குடிசை எங்கே இருந்திருக்கும், எந்தத் துறையில் அவள் தண்ணீர் மொண்டிருப்பாள் என்று நான் பைத்தியம்போல அங்குமிங்கும் நடந்தேன். அக்கா குளத்து நீரைத் திறந்துவிடும் துருசுக் கட்டில் இருந்துகொண்டு நாவலின் சில பக்கங்களை என் கைத்தொலைபேசியில் வாசித்துக்கொண்டிருந்தார்.

தரைக்கு அண்மையில் வாழ்ந்து எளிதாகப் பிடிபட்டுவிடும் நிலக்கிளி என்ற பறவைக்குத்தான் பதஞ்சலியை ஆசிரியர் ஒப்பிடுகிறார். எனக்கு அந்த ஒப்புமை முழுதாக உடன்பாடில்லை. கள்ளமில்லாதவள் என்பதால் ஒருத்தி அகப்படத்தான் வேண்டுமா என்று ஒவ்வொரு வாசிப்பிலும் ஆசிரியரோடு சண்டை பிடிக்கிறேன். நாவலை இன்னும் வாசிக்காதவர்களுக்காக முடிவைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். அக்காவிடம் சண்டையைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, “இவளுக்குப் பக்கத்தில் என் சிநேகிதியை இருத்தியிருக்கவேண்டும். ஆளுக்கொரு கதை மாற்றி வாசித்திருந்தால் இவள் வேறு மாதிரி வந்திருப்பாள்” என்றார். அது வேறு நாவல், 1973இன் காட்டோரக் கிராமத்துக்கு உண்மையாக இருக்கத்தான் பாலமனோகரன் இப்படி எழுதினார் என்று நான் வாதாடினேன். குமுளமுனை வரும்வரை விடவில்லை. கடைசியில், “அப்படியானால் நீங்களே எழுதுங்கள் அக்கா” என்றேன்.

எழுதத் தொடங்கிவிட்டார். பாடசாலை முடிந்து வந்து எழுதி, பக்கங்களைப் படம் பிடித்து அனுப்புகிறார். இதுவரை இரண்டு அத்தியாயங்கள் வந்திருக்கின்றன. பதஞ்சலியின் சிநேகிதி யாழ்ப்பாணத்துக்காரி, நிறையப் பேசுகிறாள், குளத்துக்கு வரும்போதெல்லாம் கையில் ஒரு நாவல் வைத்திருக்கிறாள்.